கலண்டர் அக்கா

அக்காவைக் கேட்காமல் படம் எடுத்தால் என்ன நடக்கும் என்று ஹட்டனில் பலருக்குத் தெரியும். ஒருமுறை ரயில் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரப் பயணி எடுத்துவிட்டார். அக்கா நேரே அவரிடம் போய்க் கையை நீட்டினார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று அவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அக்கா கெமராவை வாங்கி, பின்மூடியைத் திறந்து, பிலிமை உருவி வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இப்பக் கேளுங்க. கேட்டா நிக்கிறேன்" என்றார்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. அதை இங்கிலீசில் சொல்ல வேண்டிய பாவம், கூட நின்ற எனக்கு. சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முறையாகக் கேட்டார். அக்காவும் நின்றார். அவர் புது ரோல் மாட்டி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஓடி ஓடி எடுத்து முடிக்கும்வரை, முகம் சுளிக்காமல், கழுத்தை நிமிர்த்தி நின்றார். ரயில் வந்து போய்விட்டது. நாங்கள் போக வேண்டிய ரயில் அது.

திமிர் பிடித்தவள் என்று கடைத்தெருவில் சொல்லுவார்கள். திமிர்தான். இல்லையென்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் மலைநாட்டில் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே பஞ்சமாக இருந்தது. திமிராவது ஒருத்தரிடம் இருந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

நான் அப்போது ஹட்டன் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பிரஜாவுரிமை போய், அதைத் திரும்பக் கேட்டு எல்லோரும் அலைந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, விண்ணப்பத்தில் ஒட்டப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கண்ணைச் சிமிட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், ஏதோ ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் போல. எனக்கு நல்ல வியாபாரம். அக்கா வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "கவர்மெண்டுக்கு நம்ம மூஞ்சி வேணும் தம்பி. நம்மதான் வேணாம்."

இன்னொன்றும் சொல்லுவார். அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "ஊரு நம்மளது இல்லைங்குறாங்க. ஓட்டு இல்லைங்குறாங்க. குடியிருக்குற லயம் தோட்டத்து தொரையோடது, தேயிலை கொம்பனியோடது. மூஞ்சி ஒண்ணுதான் சொந்தம். அதையும் கேக்காம எடுத்துக்கிட்டா எப்புடி?"

இது வெறும் பேச்சு அல்ல. அக்காவின் முகத்தை நிஜமாகவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அக்கா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து ஒரு படக்காரர் வந்து, மலையில் நின்ற பெண்களையெல்லாம் மாடு வாங்குகிறவர் மாதிரி பார்த்துவிட்டு, இவரைக் கூப்பிட்டார். இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்கச் சொல்லி, பட்டுச் சேலையைக் கொடுத்து, தலையில் பூ வைத்து நிறுத்தினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மத்தியானம்வரை நின்றதில் கூடையில் கொழுந்து குறைந்துபோனது. சாயங்காலம் நிறுவையில் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார், அதாவது பாதி நாள் வேலைதான். தொரை சொல்லித்தானே நின்றேன் என்று கேட்டதற்கு, "கொழுந்துக்குத்தான் பேரு, போட்டோவுக்கு இல்ல" என்று பதில் வந்ததாம்.

அடுத்த தைமாதம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அக்காவின் முகம் தொங்கியது. வர்ணத்தில், கதவு அகலத்துக்கு ஒரு கலண்டர். அக்கா அதை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு, கடைக்காரர் கத்தக் கத்த என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் பார்த்தது.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க தம்பி."

"மலைநாட்டின் மகிழ்ச்சியான மங்கை, உங்களுக்காகப் பறித்தது."

"மகிழ்ச்சியா? யாரு, நானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அரைப் பேர் விழுந்த அன்னைக்கு எடுத்த படம் இது" என்றார். பிறகு கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க கொழும்புக்கு. இங்கிலீசுக்கு நீங்க, பேச்சுக்கு நான்" என்றார். முன்பின் தெரியாத பெண். நான் ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு ஏன் பின்னால் போனேன் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மறுத்திருந்தால் என்னையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தேயிலைக் கொம்பனி ஆபீசில் கோட்டுப் போட்ட ஒருவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அக்கா தானே உட்கார்ந்தார். கலண்டரை மேசையில் விரித்து, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். தோட்டத்துத் தொரையிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்தோம் என்றார் கோட்டுக்காரர். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"இது என்ன, தொரை மூஞ்சியா?" என்றார் அக்கா.

நான் மொழிபெயர்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக்காரரும் நல்ல மனிதர்தான், சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நாற்காலி, தேத்தண்ணி, பேச்சுவார்த்தை எல்லாம். இனிமேல் அக்காவின் படம் வேண்டுமென்றால் அக்காவைக் கேட்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் அக்கா மொடல் ஆனார். சேலைக் கடைகள், சவர்க்காரம், பவுடர், தைலம் என்று கொழும்பிலிருந்து ஆள் வரும். லயத்தில் "படத்துக்கு நிக்கிறவ" என்று முணுமுணுத்தார்கள். அக்காவைக் கட்டினவர் இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத மனுசன். அவரை இழுத்து யாராவது பேசினால், "அவரு கடலத் தாண்டிட்டாரு, நான் மலையத் தாண்டுறேன். ஆளுக்கு ஒரு தாண்டு" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒருமுறை கொழும்பில் பெரிய ஹோட்டலில் சேலைக் காட்சி. பணக்கார வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக நடந்து போனார்கள். அக்கா நடந்தபோது சபை பேச்சை நிறுத்தியது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி ஏற்றத்தில் ஏறிப் பழகிய கழுத்து அது, ஆடாது. அறிவிப்பாளர் ஆர்வக் கோளாறில், இவர் தென்னிந்திய அரச பரம்பரை என்று ஒலிபெருக்கியில் அளந்துவிட்டார். என்ன சொன்னார் என்று அக்கா கீழே நின்ற என்னைக் கேட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அக்கா போய் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பி, தமிழில், "நான் ராணி இல்லீங்க. மூணாம் டிவிசன், மேட்டு லயம். உங்க தேத்தண்ணி எங்க மலையிலருந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு, மீதி நடையையும் நடந்து முடித்தார். முன் வரிசையில் இருந்த சேலைக் கடைச் செட்டியார்கள் தலை குனிந்துகொண்டார்கள். பின் வரிசையில் பரிமாற நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

இந்தச் சம்பாத்தியத்தில்தான் என் ஸ்டூடியோவுக்கு அடுத்த கடையை எடுத்தார். துணிக்கடை என்றால் சேலைக்கடை என்று நினைத்தேன். அக்கா தைத்து விற்றது ஜாக்கெட். கொழுந்து பறிக்கிறவர்கள் பிடி நிறைந்ததும் கையைத் தோளுக்கு மேல் வீசிப் பின்னால் கூடையில் போடுவார்கள். நாள் முழுக்க அதே வீச்சு. சாதாரண ஜாக்கெட் ஒரு மாதத்தில் கக்கத்தில் பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தைச் சேலையால் மூடிக்கொண்டே வேலை செய்வார்கள். அக்கா கக்கத்தில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னார். கை எவ்வளவு வீசினாலும் கிழியாது.

அதற்கு விளம்பரப் படம் வேண்டுமென்று என் ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் வழக்கம்போல் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"பூச்சாடி எதுக்கு? ஜாக்கெட்டுதானே விக்கிறோம்" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் வீசி, அப்படியே நிறுத்தினார். "எடுங்க."

"அக்கா, கக்கம் தெரியுது."

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்."

அந்தப் படத்தைக் கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். ஊர் கொதித்தது. கோயில் கமிட்டிக்காரர் இருவர் வந்து, குடும்பப் பெண்கள் நடமாடும் தெரு என்று ஆரம்பித்தார்கள். அக்கா சுண்டு விரலால் கூட அந்தப் படத்தைத் தொடவில்லை. "உங்க வீட்டுப் பொம்பளைங்க கொழுந்தா பறிக்கிறாங்க? இல்லியே. அப்ப இது உங்களுக்கு இல்லீங்க, அவங்களுக்கு" என்று தெருவைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாங்களும் கையை வீசிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு கந்தப்பளையிலிருந்தெல்லாம் வந்து வாங்கினார்கள்.

கடை நன்றாக ஓடியதும் அக்கா பழைய வேன் ஒன்று வாங்கினார். துணி ஏற்றத்தான் என்று நினைத்தோம். வேனுக்குள் மெத்தை போட்டார். பண்டா என்று ஒரு சிங்கள டிரைவர், அக்காவை "நோனா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எந்தத் தோட்டத்தில் பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டாலும் சொல்லி அனுப்பலாம், வேன் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும், கூலி இல்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஏன் இந்த வேலை என்று நான் கேட்டேன். வியாபாரம் தெரிந்த மனுசி இப்படி ஒரு செலவை இழுத்துவிட்டுக்கொண்டாரே என்ற ஆற்றாமைதான்.

"எனக்கு ஒண்ணு பொறந்துச்சு தம்பி" என்றார். "கம்பளியில போட்டுக் கம்புல கட்டித்தான் என்னத் தூக்கிட்டு எறங்குனாங்க. பாதி வழியில பொறந்து, பாதி வழியிலயே போயிருச்சு. நல்ல மூஞ்சின்னு சொன்னாங்க. நான் மயக்கத்துல இருந்தேன், பாக்கல."

அக்கா துணி வெட்டிக்கொண்டே இருந்தார்.

வேன் நினைத்த மாதிரி எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. தோட்டத்து ரோட்டு தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் குறுக்கே சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு, பூட்டுக்குக் காவல்காரர். தொழிற்சங்கத்து ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று தொரைமாருக்குப் பயம், அதனால் வெளி வண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. சில தொரைமார் கேட்டதும் விட்டார்கள். அக்கா வேலை செய்த தோட்டத்துத் தொரைதான் விடவில்லை. மேட்டு லயத்திலிருந்து அந்த வாசலுக்கு மூன்று மைல் செங்குத்து இறக்கம். வேன் சங்கிலிக்கு வெளியே நிற்கும், பிள்ளைத்தாச்சியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அக்கா எழுதிக் கேட்டார், நேரில் கேட்டார். "உனக்கு ஒண்ணு விட்டா எல்லாம் வரும். போ" என்றார் தொரை. தொரைமார் பேசுகிற தமிழில் மரியாதைக்கு இடமே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கொம்பனி புதுக் கலண்டர் போட நினைத்தது. வெளிநாட்டுக்கும் போகிற கலண்டர், பழைய முகமே வேண்டுமாம், அதே தோட்டத்தில். படம் எடுக்கிற வேலை எனக்கு. என் ஆயுசில் அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படம் முடிந்ததும் வேனை உள்ளே விட வேண்டும். தொரையிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றார் கோட்டுக்காரர்.

அன்று காலை வேனிலேயே போனோம். வேன் சங்கிலிக்கு வெளியே நின்றது. வாசலுக்குப் பக்கத்து மலையில் அக்கா பட்டுடுத்தி, பூ வைத்து நின்றார். கோட்டுக்காரர் குடை பிடித்து நின்றார், தொரை காரில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கெமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு ஆள் விழுந்தடித்து ஓடி வந்தான். மேட்டு லயத்தில் அவன் பெண்டாட்டிக்கு விடியலிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம்.

அக்கா தொரையிடம் போனார். "சாவியக் குடுங்க தொரை. வேன் மேல போகட்டும்."

"முதல்ல படம். அப்புறம் பேசு."

"அப்ப ஒங்க லொறியையாவது அனுப்புங்க."

"லொறி கொழுந்து ஏத்துது. கொழுந்து வாடிப் போகும்."

அக்கா தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கீழே போட்டார். கோட்டுக்காரர் பதறிப்போய், வெளிச்சம் போய்விடும், நாள் வீணாகிவிடும், கொம்பனிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்றார்.

"இந்த மூஞ்சி இன்னைக்கு விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் அக்கா.

தொரை சாவியைக் கொடுக்கவில்லை. கூலிக்காரி சொல்லி அவர் பூட்டைத் திறப்பதா? ஓடி வந்தவன் திரும்ப மேலே ஓடினான். நாலு பேர் கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். வளைவுக்கு வளைவு அந்த முனகல் கிட்டே வந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலை நேரம் வேறு இல்லை. வாசலுக்கு வந்ததும் கம்பைத் தோளிலிருந்து இறக்கி, கம்பளியைத் தாழ்த்தி, சங்கிலிக்கு அடியில் அந்தப் பெண்ணை நகர்த்த வேண்டியிருந்தது. நிறைவயிறு சங்கிலியில் உரசியது.

அக்கா சேற்றில் மண்டி போட்டு அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். "தங்கச்சி, இவரு ஒன்னப் படம் எடுக்கட்டுமா? ஊரே பாக்கும். வேணாம்னா வேணாம்."

அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? பிரசவ வலியில் கிடக்கிறவளிடம்? இன்று நினைத்தாலும் எனக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை. ஆனால் அவள் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள்.

"எடுக்கச் சொல்லுங்கக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

எடுத்தேன். ஒரே ஒரு படம். சங்கிலி, அதற்கு அடியில் கம்பளி, கம்பளியில் அவள், பின்னால் குடைக்கு அடியில் சுருட்டோடு தொரை. பண்டா வேனைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

அந்த வாரமே அக்கா தன் ஜாக்கெட் படத்தை எடுத்துவிட்டு, இந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி, அதே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். கீழே ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. எல்லாத் தோட்டத்து ஆட்களும் வந்து பார்த்தார்கள். பஸ்சில் போகிறவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கொழும்புப் பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கொம்பனி அக்காவுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டது, எனக்கும்தான். கோட்டுக்காரர் கடைசியாக ஒருமுறை வந்து, தலையில் அடித்துக்கொண்டு, "இந்த முகத்தை வைத்து நீங்கள் எங்கேயோ போயிருக்கலாம்" என்றார். "இங்கதானே எனக்கு வேல" என்றார் அக்கா.

ஒரு நாள் தொரையே காரில் வந்து இறங்கினார். படத்தை எடு என்றார். அக்கா கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"சங்கிலி எறங்குனா படமும் எறங்கும்."

தொரை கத்தினார், பொலிஸ் என்றார், கோர்ட் என்றார். தெருவில் கூட்டம் கூடியதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் பத்திரிகையில் வந்த சேதி லண்டனில் இருந்த கொம்பனி முதலாளிமார்வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. இரண்டு மாதத்தில் சங்கிலியைக் கழற்றினார்கள். சங்கிலியை மட்டுமா, தூண் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். பண்டா முதல் தடவையாக மேட்டு லயம்வரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய், ஒன்றும் தேவையில்லாமல் ஹோர்ன் அடித்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நிதானமானவர்.

"துரை சங்கிலியைக் கழட்டிப்போட்டார் பிள்ளை. இனி நீர் சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணும்."

"வாங்க ஐயா. எடுத்துர்றேன்" என்று அக்கா எழுந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, படத்தைக் கையில் எடுத்தார். சொன்ன சொல் மாறுகிறவர் அல்ல. அந்தத் தெருவில் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது.

ஜாக்கெட் வாங்க வந்திருந்த பெண்களில் அவளும் இருந்தாள், அந்த மேட்டு லயத்துப் பெண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எடுக்காதீங்கக்கா."

"சொல்லிட்டேன் தங்கச்சி. சங்கிலிய எறக்கிட்டாங்கள்ல?"

"சங்கிலிக்காக இல்லக்கா" என்றாள். படத்துக்குக் கிட்டே வந்து, கம்பளிக்குள் மேடாகத் தெரிந்த தன் வயிற்றின் மேல் ஒரு விரலை வைத்தாள். "எம் புள்ள இருக்குற படம் இது ஒண்ணுதான்."

அக்கா படத்தைத் திரும்ப உள்ளே வைத்து, கண்ணாடியைச் சாத்தி, கிளாக்கரைப் பார்த்துத் திரும்பினார்.

"தொரைகிட்டப் போய்ச் சொல்லுங்கய்யா, நான் சொன்ன சொல்லு மாறிட்டேன்னு. சங்கிலிய மறுபடி போடணும்னா போடட்டும். படம் எறங்காது."